வெள்ளிதோறும் தவறாமல்

பங்குத்தந்தைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'ஃபாதர்', முதுகுக்குப் பின்னால் 'வர்றேன் ஃபாதர்'. யார் எதற்குக் கூப்பிட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் அதுதான். புதுசாகக் கடை திறக்கிறோம் ஃபாதர் என்றால் வர்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே மாட்டேன் என்கிறது ஃபாதர் என்றால் வர்றேன். மாமியாருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது, நீங்கள்தான் வந்து ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வர்றேம்மா.

அவர் பொய் சொல்லும் மனிதர் இல்லை. சொல்லும்போது போகத்தான் நினைப்பார். ஆனால் வாசலைத் தாண்டுவதற்குள் இன்னொருவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். அவருக்கும் ஒரு வர்றேன் போகும். பொழுது சாயும்போது பார்த்தால் காலையில் கிளம்பிய வேலை காலையிலேயே நிற்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தும், நிம்மதியாக ஒரு வீட்டில் உட்கார்ந்து எழுந்தார் என்று சொல்ல முடியாது.

தச்சரின் கடைசி மகன் அவர். பதினைந்து வயதில் குருமடத்தில் சேர்ந்தவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. இதற்கு முன்னால் இருந்த பங்குகளிலும் இதே கதைதான். ஓரிடத்தில் வாசகசாலை கட்டினார், கூரை வரைக்கும் எழும்பியது, புத்தகம் வரவில்லை. இன்னொரு இடத்தில் குடிகாரர்களைத் திருத்துகிறேன் என்று வாராவாரம் கூட்டம் போட்டார், அதில் பாதிப் பேர் திருந்துவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது போனில் அவளுக்கும் "வர்றேம்மா" என்றுதான் சொன்னார். அடக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்.

அதை அவருடைய அக்கா மன்னிக்கவே இல்லை. "ஊருக்கெல்லாம் நீ தகப்பன்டா. வீட்டுக்கு மட்டும் விருந்தாளி" என்பாள். பூசை வைக்கும் தம்பியை 'டா' போட்டுப் பேசும் துணிச்சல் உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அவர் சிரித்து மழுப்புவார். உள்ளுக்குள் அது முள்ளாகக் குத்தும்.

இந்தப் பங்கில் முன்பெல்லாம் இரண்டு குருக்கள் இருந்தார்கள். உதவிக்கு இருந்த இளம் குருவை வேறு இடத்துக்கு மாற்றியவர்கள், பதிலுக்கு ஆள் அனுப்பவில்லை. கேட்டால் ஆளே இல்லை என்றார்கள். தெருக்களோ பெருகிக்கொண்டே போயின. தீப்பெட்டி அடுக்கியதுபோல அடுக்குமாடிகள் எழும்பி, கோயில் கோபுரத்தைவிட உயரமாக வளர்ந்துவிட்டன. அத்தனைக்கும் ஒரே ஒரு ஃபாதர், அதுவும் முழங்கால் வலிக்காரர்.

ஒரு நாள் அச்சகக்காரர் வீட்டில் அவருடைய அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கடைசி ஆசீராக எண்ணெய் பூச வரச் சொல்லி ஆள் விட்டார்கள். ஃபாதர் வர்றேன் என்றார். வழியில் ஒரு புதுவீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நுழைந்தார். புதுவீட்டுக்காரர் அறை அறையாகக் கூட்டிப் போய்க் காட்டினார், குளியலறைக் குழாயைக்கூடத் திறந்து காட்டினார். ஃபாதர் அச்சகக்காரர் வீட்டை எட்டியபோது கிழவரின் தாடையைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

அச்சகக்காரர் சத்தம் போடவில்லை. "பரவாயில்லீங்க ஃபாதர், அப்பாவுக்குக் கொடுத்து வைக்கல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு ஃபாதர் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு வெகுநேரம் இருந்தார். செபம் ஒன்றும் வரவில்லை. வெறும் வெட்கம்தான் வந்தது.

விஷயம் ஆயர் காதுக்குப் போகாமல் இருக்குமா? போனது. அந்த வருடம் பங்குத்தந்தையர் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து, வரும் வருடத்துக்கான மேய்ப்புப்பணி இலக்குகளை எழுதச் சொன்னார்கள். கூட்டத்தை நடத்தியவர் ஆயரின் செயலர். நம் ஃபாதரைவிட வயதில் மிகவும் இளையவர், வெளிநாட்டில் படித்தவர், கெட்டிக்காரர். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் ஃபாதர் எழுதிக் கொடுத்த இலக்கு ஒரே வரி: 'எல்லாரையும் சந்திப்பேன்.'

செயலர் அதை எடுத்துப் படித்துவிட்டுக் கேட்டார். "எல்லாரும்னா யாரு ஃபாதர்?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாதே ஃபாதர். நீங்க போய் எந்தக் கதவைத் தட்டுவீங்க?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஃபாதரும் சேர்ந்து சிரித்தார். செயலர் மட்டும் சிரிக்காமல், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "உங்க மனசு பெருசு, அது எங்களுக்குத் தெரியும். உடம்பு ஒண்ணுதானே இருக்கு? முடியறதை மட்டும் எடுங்க. சின்னதா இருக்கட்டும். ஆனா தவறாம நடக்கணும். வருஷக் கடைசியில 'செஞ்சேன்'னு நெஞ்சைத் தொட்டுச் சொல்ற மாதிரி ஒண்ணே ஒண்ணு."

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிற மாதிரி ஒன்று. அந்த வார்த்தை ஃபாதருக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடக் குருத்துவத்தில் முடித்தேன் என்று சொல்ல அவரிடம் என்ன இருந்தது? வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதினார்: படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் அத்தனை பேருக்கும் வெள்ளிதோறும் வீட்டுக்கே போய் நற்கருணை கொடுப்பது. மற்றவர்களைச் சாயங்காலம் அலுவலகத்தில் பார்ப்பது. அவ்வளவுதான். வேறு எதற்கும் வர்றேன் கிடையாது.

இலக்கை எழுதியவர் ஃபாதர் என்றாலும், அதற்கு உயிர் கொடுத்தவர் பங்குப் பேரவைச் செயலாளர்தான். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வேலையை விட்டாலும் பச்சைக் கொடி அவர் கையை விடவில்லை. எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு, எந்தச் சந்தில் நுழைந்தால் சீக்கிரம், எந்தக் கட்டடத்தில் படி செங்குத்து என்று பார்த்துப் பார்த்து வழி வகுத்தார். முதல் வெள்ளியன்று ஃபாதரின் ஸ்கூட்டர் கிளம்பும்போது கோயில் வாசலில் விறைப்பாக நின்று, "வண்டி கிளம்பியாச்சு, இனி நடுவுல நிறுத்தக் கூடாது ஃபாதர்" என்றார். அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு இல்லை.

நடுவில் நிறுத்தக் கூடாது என்பதற்கு இன்னொரு நியாயமும் இருந்தது. நற்கருணையைச் சுமந்து போகும் குரு வழியில் யாரோடும் நின்று பேசுவதில்லை. சின்னச் சிமிழ் ஒன்றில் அப்பத்தை வைத்து, பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கொண்டுபோவார். விவரம் தெரிந்தவர்கள் அவரைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்லாமல் தலையைக் குனிந்து ஒதுங்கி வழிவிடுவார்கள். தெரியாதவர்கள் வந்து பேச்சுக் கொடுத்தால், ஃபாதர் நெஞ்சில் கையை வைத்துக் காட்டுவார். போய்க்கொண்டிருக்கிறேன், பேசக்கூடாது என்று அர்த்தம்.

இந்த வழக்கம் அவருக்கு எப்பேர்ப்பட்ட விடுதலையாக இருந்தது என்பதை அவரே எதிர்பார்க்கவில்லை. ஆயுள் முழுக்க யாரையும் மறுக்கத் தெரியாமல் திண்டாடியவருக்கு, வாயே திறக்காமல் மறுக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. கையை நெஞ்சில் வைத்தால் போதும். யாருக்கும் கோபம் வராது, மரியாதையாக விலகிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமைகள் தவறவில்லை. மழையில் நனைந்துகொண்டு போனார். முழங்கால் வீங்கியபோது கட்டுப்போட்டுக்கொண்டு போனார். ஒருமுறை காய்ச்சலோடு, பல்லைக் கடித்துக்கொண்டு போனார். படுக்கையில் கிடந்தவர்களுக்குக் கிழமையே அவரை வைத்துத்தான் தெரிந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் தலையணையில் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்கள். "வெள்ளின்னா ஃபாதர் வந்துடுவார்" என்று ஜனங்கள் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது. பழைய பட்டப்பெயர் மெல்ல மறைந்தது. அக்காவுக்குக்கூடப் போனில் பெருமையாகச் சொன்னார். "பரவாயில்லையே, நீகூட ஒரு வேலையை ஒழுங்காச் செய்ற" என்றாள் அவள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வாங்கியதே சாதனைதான்.

அந்த வழியில் கடைசிக்கு முந்திய வீடு லிஃப்ட் மெக்கானிக்குடையது. ஊரெல்லாம் போய் லிஃப்டை ஏற்றி இறக்கிக் கொடுத்த மனிதர் குடியிருந்தது, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. இந்தக் கேலியை முதலில் சொன்னவரும் அவர்தான். அவருடைய மனைவி பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர், எல்லாருக்கும் தையல் டீச்சர். கோயில் பீடத்துத் துணிகளில் பாதி அவர் கைவேலை. முதுகெலும்பில் வந்த கட்டியை எடுக்கப் போய், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. ஒரு கையும் சரியாக எழாது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் கிடையாது. மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்துக்கொண்டார். இருவருமாகச் சேர்த்துவைத்திருந்ததில் காலம் ஓடியது.

ஃபாதர் படியேறி மூச்சு வாங்கி நிற்கும்போது கதவு திறந்திருக்கும். கட்டிலருகே சின்ன மேசை, அதன் மேல் வெள்ளைத்துணி, எரியும் மெழுகுவர்த்தி, கிண்ணத்தில் தண்ணீர். மெக்கானிக் கைகட்டி ஓரமாக நிற்பார். செபம், நற்கருணை, ஆசீர். கூட ஒரு நிமிட மௌனம். பிறகு கடைசி வீடு காத்திருக்கும்.

முதன்முதலில் மெக்கானிக் பேச்செடுத்தது வாசலில் வைத்துத்தான். "ஃபாதர், உங்ககிட்ட ஒரு விஷயம்..." ஃபாதர் நெஞ்சில் கையை வைத்தார். மெக்கானிக் சின்ன வயதில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்து வளர்ந்தவர், விவரம் தெரியாதவரா? சட்டென்று வாயை மூடிக்கொண்டு, தலைகுனிந்து வழிவிட்டார்.

அப்புறம் ஒருநாள் எதிர்வீட்டுப் பெண்ணை மனைவியிடம் உட்காரவைத்துவிட்டு, மத்தியானத்தில் ஃபாதர் குடியிருக்கும் கோயில் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார்.

"ஃபாதரைப் பார்க்கணும்."

"சாயங்காலம் வாங்க. போர்டு போட்டிருக்கோமே, பார்க்கலையா?"

"சாயங்காலம் எதிர்வீட்டம்மா வேலைக்குப் போயிடுவாங்க. அவளைத் தனியா விட்டுட்டு வர முடியாதுங்க."

"உங்களுக்கு ஒரு நேரம், இன்னொருத்தருக்கு ஒரு நேரம்னு ஆரம்பிச்சா, மனுஷன் மறுபடியும் பழையபடி ஆயிடுவார். அச்சகக்காரர் வீட்டுல நடந்தது தெரியுமில்ல?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். மெக்கானிக் திரும்பிப் போய்விட்டார்.

சாப்பாடு போடும்போது சமையல்காரம்மா இதைச் சொன்னாள். "பாவம் ஃபாதர், முகமே சரியில்ல. நாலு நாள் தூங்காத மாதிரி இருந்தார்." ஃபாதருக்கு எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பழைய ஆளாக இருந்தால் போயிருப்பார், அல்லது போகக் கிளம்பி வேறெங்காவது மாட்டிக்கொண்டிருப்பார். ஆனால் இப்போது அவருக்கு ஓர் ஒழுங்கு வந்திருந்தது. அந்த ஒழுங்கை ஒருமுறை உடைத்தால் எல்லாம் சரிந்துவிடும் என்ற பயமும் வந்திருந்தது. "வெள்ளிக்கிழமை எப்படியும் போறேனே, அங்கே பார்த்துக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை போனார். வழக்கம்போல எல்லாம் நடந்தது. அவர் படியிறங்கும்போது மெக்கானிக் பின்னாலேயே வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியல ஃபாதர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஃபாதரின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. சட்டைக்குள் சிமிழ் தட்டுப்பட்டது. உள்ளே ஒரே ஒரு அப்பம் மிச்சம். அது கடைசி வீட்டுக்காரருக்கு. அவர் புற்றுநோய்க்காரர், இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தார். அச்சகக்காரரின் அப்பா முகம் ஃபாதரின் கண்முன்னால் வந்து நின்றது. வழக்கத்தை மீறிக் கிசுகிசுப்பாக, "சாயங்காலம் வாங்க, நிதானமாப் பேசலாம்" என்றார்.

"சாயங்காலம் அவளை யார் பார்ப்பா?"

ஃபாதர் அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். கடைசி வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். நற்கருணை வாங்கிக்கொண்டு கண்ணீர் விட்டார். நாம் செய்தது சரிதான் என்று ஃபாதர் நினைத்துக்கொண்டார். சரிதானா? இன்றைக்குவரை எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரத்தின் நடுவில் ஆயர் இல்லத்தில் வருடக் கடைசிக் கூட்டம். யார் யார் இலக்கை எட்டினார்கள் என்று பார்த்தார்கள். இளைஞர்களைத் திரட்டுவேன் என்றவர் திரட்டவில்லை, கடனை அடைப்பேன் என்றவர் அடைக்கவில்லை. ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். நம் ஃபாதர் எழுந்து, "ஒரு வெள்ளிகூடத் தவறல" என்றார். செயலர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். ஆயரே எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். வரும் வழியெல்லாம் ஃபாதர் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையனைப்போலத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். பாவம், அந்தச் சிரிப்பு அவருக்கு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடியில் கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. வெள்ளைத்துணி விரித்திருந்தது. மெழுகுவர்த்தி எரிந்து பாதியாகியிருந்தது. தையல் டீச்சருக்குத் தலை வாரி, சலவைச் சேலை போர்த்திவிட்டிருந்தது. மெக்கானிக்கை மட்டும் காணோம். பால் வாங்கப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டு ஃபாதர் செபத்தைத் தொடங்கினார். நற்கருணை கொடுத்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மௌனம் முடியும்வரை அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. ஆசீர் முடிந்து ஃபாதர் கிளம்பத் திரும்பியபோதுதான் கூப்பிட்டார்.

"அவர் போயிட்டார் ஃபாதர்."

"எங்கேம்மா? எப்ப வருவார்?"

"வர மாட்டார். துணிமணியெல்லாம் எடுத்துட்டார். எனக்கு முகம் துடைச்சு, துணி மாத்தி, கஞ்சி கொடுத்து, மெழுகுவத்தியையும் ஏத்தி வச்சுட்டுப் போனார். எங்கேன்னு நான் கேட்டேன், சொல்லல. அழுதார்." குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "கதவைச் சாத்த வேணாம்னு அவரே சொல்லிக்கிட்டார். 'இன்னிக்கு வெள்ளிதானே, ஃபாதர் எப்படியும் வந்துடுவார். உன்னைத் தனியா விட மாட்டார்'னார்."

ஃபாதர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தவறாமல் வருவார் என்ற பேரை எத்தனை பாடுபட்டுச் சம்பாதித்தார்! அந்தப் பேரை நம்பித்தான் ஒரு மனிதன் நாள் பார்த்து, கட்டிய மனைவியைக் கைவிட்டுவிட்டுப் போயிருக்கிறான். வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் அந்த மனிதனுக்குத் துணிவு வந்திருக்காது. அவருக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"இப்படிச் செய்யலாமாம்மா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

டீச்சர் அவரை நேராகப் பார்த்தார். "சொல்லத்தான் பார்த்தார் ஃபாதர். நீங்க பேசக் கூடாத நேரத்துலயே வந்துட்டிருந்தீங்க. அவரும் மரியாதை தெரிஞ்ச மனுஷன்தானே."

ஃபாதரின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர். கடைசி வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன இன்னும் வரவில்லை என்று கேட்டார். இங்கேயிருந்து நகர முடியாது என்றார் ஃபாதர். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டார். எவ்வளவு நேரம்? இன்று பகல் முழுக்க இருக்கலாம். நாளை? எதிர்வீட்டுப் பெண் ஒருவேளை வருவாள். கன்னியர் மடத்தில் கேட்டுப் பார்க்கலாம், அங்கேயும் ஆள் இல்லை என்பார்கள். அதற்கப்புறம்? யோசிக்க யோசிக்க ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்தது. சிமிழில் கடைசி அப்பம் அப்படியே இருந்தது. அதற்காகக் காத்திருந்தவரும் படுக்கையில் கிடந்தார். ஒருவரிடம் போனால் இன்னொருவரை விட்டுவிட வேண்டும். இதை எந்த இலக்கில் எழுதுவது, எந்தக் கூட்டத்தில் போய்ச் சொல்வது?

"ஃபாதர், கொஞ்சம் புரட்டிவிடுறீங்களா? இந்த நேரத்துக்கு அவர் ஒருதரம் புரட்டிவிடுவார். இல்லாட்டிப் புண்ணாயிடும்."

அவர் பதறி எழுந்தார். டீச்சரின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தார். அப்படியே நின்றுவிட்டார். அத்தனை வெள்ளிக்கிழமையும் இந்தக் கட்டிலருகே வந்து நின்றவர் அவர். டீச்சருக்கு எந்தப் பக்கம் வலிக்கும், எந்தப் பக்கம் வலிக்காது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.